குடியம் மலையில் ஒரு பிற்பகல்: கிணற்றுத் தண்ணீரைத் தேடிப் போன பாடி விவசாயி

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஜே.சி.பி. வண்டி வருவதாக இருந்தது. முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. நிலத்தின் மேல்கோடியில் இருக்கும் அரை ஏக்கர் புதர்க்காட்டை வேரோடு வாரித் தள்ளிவிட்டுத் தைலமரக் கன்று வைப்பதுதான் திட்டம். அதற்கு முந்தைய நாள், மாசி மாத ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், அந்த நிலத்துக்காரர் குடியம் மலைக்குப் போனார். இறங்கி வந்ததும் வண்டிக்காரருக்குப் போன் போட்டார். "வண்டி வரட்டும். ஆனா புதர்ல கை வைக்க வேணாம். வேற வேலை இருக்கு" என்றார்.

மலையில் அவர் அதிசயம் எதையும் பார்த்துவிடவில்லை. ஒரு பாட்டில் தண்ணீரை இரண்டு இடத்தில் ஊற்றிப் பார்த்தார், அவ்வளவுதான். சரிவான நிலம் வைத்திருக்கும் எல்லா விவசாயிகளும் செய்து பார்க்க வேண்டிய சோதனை அது.

பாடியில் வீடு, பூண்டியில் நிலம்

அவருக்கு வயது 62. வீடு சென்னை பாடியில், திருவலிதாயம் கோயிலுக்குப் பக்கத்தில். இன்றைக்குப் பாடி என்றால் மேம்பாலமும் தொழிற்சாலைகளும் துணிக்கடைகளும்தான் நினைவுக்கு வரும். அவருடைய அப்பா காலத்தில் கொரட்டூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி அது. 1960-களில் பாடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. வயல்கள் ஒவ்வொன்றாக மனையாயின. அப்பாவின் நிலமும் போனது. மகன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வேலைக்குப் போனார்.

"ஏரி இன்னும் இருக்கு. அதுல இருந்து தண்ணி பாய வயல்தான் இல்ல" என்கிறார். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் தண்ணீர் போகும்படி முன்னோர்கள் தொடராக வெட்டி வைத்த ஏரிகள் அவை. மழைநீர் வர வேண்டிய மேட்டு நிலமெல்லாம் வீடும் சாலையுமாக மாறியபோது, ஏரிக்கு மழைநீரோடு சாக்கடையும் வந்து சேர்ந்தது. 'ஏரி கெடுவது கரையில் தொடங்குவதில்லை, தண்ணீர் வரும் மேட்டில் தொடங்குகிறது' என்பதை அவர் கண்ணெதிரே பார்த்தவர்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மனைவிக்கு வந்த பங்கு நிலத்தில் விவசாயம் பார்க்கத் தொடங்கினார். பூண்டிக்கு மேற்கே மலையடிவாரச் சரிவில் இரண்டரை ஏக்கர். செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. கீழ்ப்பகுதியில் சம்பா நெல், நடுவில் மானாவாரி நிலக்கடலை, ஓரத்தில் பத்து மாமரம். மேல்கோடியில் முள்ளும் புதருமாக அரை ஏக்கர். பாடியிலிருந்து சி.டி.எச். சாலையைப் பிடித்து அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் வழியாகப் பூண்டி வரை சுமார் 50 கிலோமீட்டர். வாரத்தில் நான்கு நாள் வண்டியில் வந்து போகிறார்.

பிரச்னை கிணறுதான். கார்த்திகையில் குனிந்து மொள்ளும் அளவுக்கு நிற்கும் தண்ணீர், மாசி முடிவதற்குள் அடிமட்டத்துக்குப் போய்விடும். கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டில் துளை போட்டுப் பார்த்தார். ஒரு கோடை தாங்கியது. அடுத்து ஆழ்துளைக் கிணறு போடலாமா, அதற்கான பணத்துக்கு மேல்கோடியில் தைலமரம் வைக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மனைவியின் அண்ணன் குறுக்கிட்டார். அதே ஊரில் பிறந்து, அதே கிணற்றில் கவலை ஓட்டியவர்.

"மாப்ள, கெணத்துக்குள்ளயே பாத்துட்டிருந்தா தண்ணி எப்படித் தெரியும்? அது மலையில இருந்து வருது. ஒருநாள் ஏறிப் பாத்துட்டு வாங்க."

அனுமதி இல்லாமல் அடி வைக்காதே

பூண்டிக்கு மேற்கே இருப்பது அல்லிக்குழி மலைத்தொடர். உயரம் அதிகமில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 முதல் 380 மீட்டர் வரைதான். ஆனால் காப்புக்காடு. அதன் நடுவே குடியம் குகைகள் இருக்கின்றன. குடியம் கிராமத்திலிருந்து பெரிய குகைக்குக் காட்டுப் பாதையில் சுமார் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவது வனச் சட்டப்படி குற்றம். உள்ளூர்க்காரருக்கும் இது பொருந்தும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றம் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டு வந்தது. 2024-இல் வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. திருவள்ளூர் மாவட்டத்துக்கான பாதை குடியம் குகைதான். காட்டோரக் கிராமங்களைச் சேர்ந்த இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள்.

கூட வருவதாகச் சொன்ன பழைய பட்டறை நண்பர்கள் இருவரும் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்கள். அதனால் அவர் தனியாளாகத்தான் போனார். வனத்துறையில் முறையாக அனுமதி வாங்கி, ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டார். 'துணை இல்லாமல் போகலாம், வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது' என்பது அவருடைய தீர்மானம். வீட்டிலும் மைத்துனரிடமும் எத்தனை மணிக்கு ஏறுகிறார், எத்தனை மணிக்குள் இறங்குவார் என்று சொல்லி வைத்தார். இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் வெல்லமும் வேர்க்கடலையும், கணுக்காலை மூடும் செருப்பு, தலைக்குத் துண்டு, கையில் ஒரு கோல். பிற்பகல் ஒன்றரை மணிக்கு நடக்கத் தொடங்கினார்.

காலுக்குக் கீழே கூழாங்கல்

முதல் அரை மணி நேரம் பாதை ஏறுவதே தெரியவில்லை. ஆனால் ஒவ்வோர் அடியிலும் கால் வழுக்கியது. பாதை முழுக்க உருண்டைக் கூழாங்கற்கள். ஆற்றில்தானே கூழாங்கல் இருக்கும், மலையில் எப்படி வந்தது?

இந்த மலையே பழங்காலத்தில் தண்ணீர் உருட்டிக் கொண்டுவந்து சேர்த்த கற்களாலும் மணலாலும் ஆனதுதான். உருண்டைக் கற்களும் மணலும் களியும் சேர்ந்து இறுகிப் பாறையாகியிருக்கின்றன. கையால் தடவினால் கொழுக்கட்டைக்குள் கடலைப்பருப்பு பதிந்ததுபோல் கற்கள் துருத்திக்கொண்டு தெரியும். மழையிலும் வெயிலிலும் பாறை கரையக் கரையக் கற்கள் கழன்று கீழே உருள்கின்றன. சரிவுக்குக் கீழே இருக்கும் வயல்களில் எத்தனை முறை பொறுக்கினாலும் தீராத சரளைக் கல்லுக்கு இதுதான் காரணம்.

மாசி மாதம் என்பதால் வெப்பாலை இலை உதிர்த்து நின்றது. ஆனால் காசானும் வீரையும் காட்டு எலுமிச்சையும் பச்சை குறையாமல் இருந்தன. கிழக்குக் கடற்கரையை ஒட்டிய உலர் பசுமைக்காட்டு மரங்கள் இவை. ஆள் உயரத்துக்கு மேல் வளரவே யோசிக்கும் மரங்கள். விறகுக்கும் சரிப்படாது, மரவேலைக்கும் பெரிதாக உதவாது என்று நினைத்து, 'வெறும் புதர்' என்றுதான் நாம் சொல்கிறோம். நடுநடுவே உசில், விடத்தலை, சூரை, களா. களாச்செடி ஒன்றைக் காட்டிய வழிகாட்டி, "இத வேலியா வெச்சா ஆடு கூட உள்ள பூராது அண்ணா. பழமும் கெடைக்கும்" என்றார்.

ஓரிடத்தில் காட்டுப்பன்றி கிளறிய மண் ஈரமாக இருந்தது. இன்னோரிடத்தில் மயில் ஒன்று பாதையைக் கடந்தது. வேறு பெரிய விலங்கு எதுவும் கண்ணில் படவில்லை. வழிகாட்டி அடிக்கடி நின்று கோலால் புதரைத் தட்டிவிட்டு நடந்தார். பாம்புக்கு நாம் வருவது தெரிந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும் என்பது அவருடைய கணக்கு.

ஒரு பாட்டில் தண்ணீர்ச் சோதனை

இரண்டரை மணி வாக்கில் இருவரும் ஒரு காசான் புதர் நிழலில் உட்கார்ந்தார்கள். கை கழுவுவதற்காகப் பாட்டிலைச் சாய்த்தபோது தண்ணீர் புதரடியில் கொட்டியது. கொட்டிய வேகத்தில் காணாமல் போனது. ஈரம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அவருக்கு ஏதோ பொறி தட்டியது. எழுந்து, நாலடி தள்ளி ஆட்களும் மாடுகளும் நடந்து இறுகிய பாதையில் அதே அளவு தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் ஊறாமல் கோடு கிழித்தபடி சரிவில் ஓடியது. ஓடும்போது செம்மண்ணையும் இழுத்துக்கொண்டு போனது.

அதே மலை, அதே மண், அதே சரிவு. இரண்டு இடத்துக்கும் நாலடிதான் தூரம்.

புதரடி மண்ணைக் கையால் கிளறிப் பார்த்தார். மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சருகு. அதற்கடியில் பாதி மக்கிய இலை. அதற்கும் கீழே கறுத்த, பொலபொலப்பான மண். வேர்கள் செத்து மக்கிய துளைகள், கரையான் போன பாதை, மண்புழு விட்ட வழி. மழைத்துளி நேராக மண்ணில் அறையாமல் முதலில் இலையில் விழுந்து, பிறகு சருகில் விழுந்து, அதன் பிறகுதான் மெதுவாக மண்ணுக்குப் போகிறது. பொட்டல் நிலத்தில் என்ன நடக்கிறது? துளி நேராக அறையும்போது மேல்மண் உடைந்து நுண்ணிய தூளாகி, மண்ணில் இருக்கும் சின்னத் துளைகளை அடைத்துவிடுகிறது. காய்ந்ததும் அப்பளம்போல் ஓடு கட்டுகிறது. அடுத்த மழை அந்த ஓட்டின் மேல் வழுக்கி ஓடிவிடுகிறது.

"என் நெலத்துல இருக்கறதும் இதே காசான்தான் தம்பி. நாளைக்கு அதைத்தான் தள்ளச் சொல்லியிருக்கேன்" என்றார்.

வழிகாட்டி சிரித்தார். "எங்க ஊர்லயும் அப்படித்தாண்ணா சிலபேர் சுத்தம் பண்ணாங்க. அடுத்த மழையில மண்ணு பூரா ஓடைக்கு வந்துச்சு. இப்ப அங்க புல்லுகூட மொளைக்கல."

குகையில் பதினைந்து நிமிடம்

மூன்றேகால் மணிக்குப் பெரிய குகை வந்தது. குகை என்றாலும் ஆழமாக உள்ளே போகாது. பெரிய பாறை குடைபோல் முன்னால் நீண்டு, அதன் அடியில் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு நிழல். ஊரார் கும்பிடும் அம்மன் அங்கே இருக்கிறாள். பாறையின் மேல்விளிம்பில் மலைத்தேனீக் கூடுகள் தொங்கின. அங்கே புகை போடுவதும் கல் எறிவதும் கத்துவதும் உயிருக்கே ஆபத்து. செண்ட் பூசிக்கொண்டும் போகக்கூடாது.

இந்தப் பகுதியை உலகத்துக்குச் சொன்னவர் இராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பவருடன் சேர்ந்து, பூண்டிக்கு அருகில் உள்ள அத்திரம்பாக்கம் ஓடையில் ஏராளமான கற்கருவிகளைக் கண்டார். குடியம் குகையில் இந்தியத் தொல்லியல் துறை 1962 முதல் 1964 வரை அகழாய்வு செய்தது. அத்திரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த சாந்தி பப்பு குழுவினர், அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகள் சராசரியாக 15 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று 2011-இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிந்திய தொழில்நுட்பத்தில் செய்த சிறிய கருவிகளுக்கு 3,85,000 ஆண்டு வயது என்று 2018-இல் அறிவித்தார்கள்.

அத்தனை காலம் மனிதர்கள் இந்த மலையடிவாரத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தது ஏன்? கருவி செய்ய இந்தக் கூழாங்கல் கிடைத்தது. குடிக்கத் தண்ணீரும் கிடைத்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கொசஸ்தலை ஆற்றில் சேர்கின்றன. அந்த ஆற்றின் குறுக்கே, சென்னையின் குடிநீருக்காக 1944-இல் கட்டி முடிக்கப்பட்டதுதான் பூண்டி அணை. சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி. ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் இங்கேதான் வந்து சேர்கிறது. இங்கிருந்து கால்வாய்கள் வழியாகப் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் தண்ணீர் போகிறது.

குகை நிழலில் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தார். நிலத்தில் கிணற்றுக்குத் தண்ணீர் கொடுக்கும் மலைக்கும், பாடி வீட்டுக் குழாயில் வரும் தண்ணீருக்கும் உறவு இருக்கிறது. கொரட்டூர் ஏரிக்கு மேட்டில் நடந்ததைத்தான், கொஞ்சம் சின்ன அளவில், தன் கிணற்றுக்கு மேட்டில் தானே செய்யப் போகிறோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

நான்கு மணிக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். மாசியில் ஆறேகால் மணிக்குத்தான் சூரியன் மறைகிறது என்றாலும், மலை மறைவில் வெளிச்சம் முன்னதாகவே குறைந்துவிடும். கூழாங்கல் பாதையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். முட்டி வலியோடு ஊருக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தேகால்.

அரை ஏக்கருக்கு எத்தனை லாரித் தண்ணீர்?

அன்றிரவு மைத்துனர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர். அப்படியானால் வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் கொட்டினால், அரை ஏக்கரில் மட்டும் சுமார் 2 லட்சம் லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பதினாறு, பதினேழு லாரி. அதுபோக மேலே இருக்கும் மலைச்சரிவிலிருந்து ஓடி வருவது தனி. அந்தத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்குவதா, செம்மண்ணை வாரிக்கொண்டு கீழ் வயலைத் தாண்டி ஓடுவதா என்பதை மேல்கோடி அரை ஏக்கர்தான் முடிவு செய்கிறது.

கிணற்றுக்கு நேர் மேலே தைலமரம் வைப்பதிலும் சிக்கல் உண்டு. வேகமாக வளரும் மரம், வேர் ஆழமாகப் போகும். ஏற்கெனவே மாசியில் வற்றும் கிணற்றுக்கு அது இன்னொரு பங்காளி.

மறுநாள் ஜே.சி.பி. வந்தது. நிலத்தின் கீழ்மூலையில் பண்ணைக்குட்டை வெட்டியது. புதர்க்காட்டை ஒருவரும் தொடவில்லை. அதற்குக் கீழே, நிலக்கடலைக் காட்டின் தலைமாட்டில், ஆட்களைக் கொண்டு சம உயரக் கோட்டில் அகழி எடுத்தார்கள்.

நீங்களும் செய்யலாம்

டப்பா சோதனை: இரண்டு பக்கமும் திறந்த, ஒரு சாண் அகல டப்பாவை மண்ணில் மூன்று விரற்கடை ஆழத்துக்கு அழுத்திப் பதியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, முழுவதும் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புதரடி, உழுத நிலம், வண்டித்தடம் என்று மூன்று இடத்தில் செய்து பாருங்கள். எங்கே அதிக நேரம் எடுக்கிறதோ, அங்கேதான் மழைநீரை இழக்கிறீர்கள்.

ஏ வடிவச் சட்டம்: ஆறடிக் கம்பு இரண்டை உச்சியில் கட்டி விரித்து, நடுவே குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் கல் ஒன்றைத் தொங்கவிடுங்கள். சட்டத்தைத் தரையில் நிறுத்தி, கால்கள் நின்ற இடத்தில் முளை அடித்துக்கொண்டு, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி அதே முளைகளில் நிறுத்தி மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளியில் கயிறு நின்றால் இரு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்று பொருள். இப்படியே நகர்த்தி நகர்த்தி முளை அடித்துக்கொண்டு போனால் சம உயரக் கோடு கிடைத்துவிடும்.

அகழி: அந்தக் கோட்டில் இரண்டடி அகலம், ஓரடி ஆழத்தில் பத்துப் பதினைந்து அடி நீளத் துண்டுகளாக எடுங்கள். மேல்வரிசையில் இடைவெளி இருக்கும் இடத்துக்கு நேரே கீழ்வரிசை அகழி அமையட்டும். எடுத்த மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டு, அதில் வெட்டிவேர், கொழுக்கட்டைப்புல் நடுங்கள். வேர் பிடித்துவிட்டால் கரை கரையாது.

பண்ணைக்குட்டை: 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் கணக்குக்கு 2 லட்சம் லிட்டர். கரை சரிவாக அமைப்பதால் கொஞ்சம் குறையும். தண்ணீர் உள்ளே வரும் வழியில் வண்டல் பிடிக்க ஒரு சின்னக் குழியும், நிரம்பினால் வெளியேறக் கல் பதித்த வடிகாலும் அவசியம். குழந்தைகள், ஆடு மாடு விழாதபடி சுற்றி வேலி கட்டாயம் வேண்டும். மானியம் பற்றி வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் வேளாண் பொறியியல் துறையிலும் கேளுங்கள்.

உழவு: சரிவுக்குக் குறுக்கேதான் உழ வேண்டும். மேலிருந்து கீழாக உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால் ஆகிவிடும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு

ஐப்பசியில் முதல் கனமழை பெய்த மறுநாள் காலையில் அவர் நிலத்துக்குப் போனார். அகழிகளில் தண்ணீர் நின்றது. அடுத்த நாள் போனபோது ஊறிப் போயிருந்தது. முன்பெல்லாம் செக்கச்செவேல் என்று ஓடும் தண்ணீர், குட்டைக்கு வந்தபோது கலங்கல் குறைந்திருந்தது. ஓர் அகழியின் கரை உடைந்துபோனது. கோடு பிடித்ததில் அங்கே தவறு. அதைத் திரும்பச் சரிசெய்தார்.

கிணறு ஒரே மழையில் மாறிவிடாது என்பது அவருக்குத் தெரியும். கிணற்றுச் சுவரில் அடிக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வோர் அமாவாசைக்கும் நீர்மட்டத்தை நோட்டில் எழுதி வருகிறார். மூன்று வருடக் கணக்கு கையில் இருந்தால்தான் ஆழ்துளைக் கிணறு வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்வாராம்.

மைத்துனருக்கு மட்டும் சந்தேகம் இல்லை. "மலைக்குப் போய்ட்டு வந்தீங்கல்ல மாப்ள, இனிமே கெணறு உங்க பேச்சக் கேக்கும்" என்கிறார்.

வாசகர் கேள்வி-பதில்

"எங்கள் நிலம் காட்டை ஒட்டி இருக்கிறது. காட்டுச் சருகை அள்ளி வந்து மூடாக்குப் போடலாமா?"
- ஊத்துக்கோட்டை வாசகர்

காப்புக்காட்டிலிருந்து அனுமதி இல்லாமல் சருகு, தழை எதையும் எடுக்கக்கூடாது. எடுத்தால் முதல் நட்டம் உங்கள் கிணற்றுக்குத்தான். அந்தச் சருகுதான் மலையில் விழும் மழையைப் பிடித்து வைக்கிறது. வரப்பில் கிளைரிசிடியா, புங்கன், ஆவாரை வளர்த்து அந்தத் தழையைப் பயன்படுத்துங்கள்.

"நிலக்கடலையைக் காட்டுப்பன்றி அழிக்கிறது. வேலியில் மின்சாரம் விடலாமா?"
- திருத்தணி வாசகர்

வீட்டு மின்சாரத்தையோ மோட்டார் மின்சாரத்தையோ வேலிக்கு நேரடியாகக் கொடுப்பது குற்றம். விலங்கு மட்டுமல்ல, மனிதர்களும் அதில் சிக்கி இறக்கிறார்கள். களா, கிளுவை போன்ற நெருக்கமான உயிர்வேலி அமையுங்கள். பயிர்ச் சேதத்தைப் படம் எடுத்து, உடனே வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள்.

"உழும்போது கூர்மையாகச் செதுக்கிய பழைய கல் ஒன்று கிடைத்தது. என்ன செய்வது?"
- பூண்டி வாசகர்

கிடைத்த இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற விவரம் இல்லாவிட்டால் அந்தக் கல்லின் வரலாறே போய்விடும். மலைக்குப் போகிறவர்களும் அங்கிருந்து கல் எடுத்து வரக்கூடாது. பார்க்க விரும்பினால் பூண்டியில் உள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

"எங்கள் ஊரில் மலையே இல்லை. சமநிலத்தில் இதெல்லாம் பயன்படுமா?"
- செங்கல்பட்டு வாசகர்

கண்ணுக்குச் சமமாகத் தெரியும் நிலத்திலும் ஒரு பக்கம் மேடு இருக்கும். அடுத்த மழையில் குடையோடு போய், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். தண்ணீர் நுழையும் இடம்தான் உங்கள் மலை. அங்கே இருக்கும் புல்லையும் புதரையும் காப்பாற்றுங்கள். வெளியேறும் மூலையில் குட்டை எடுங்கள்.